பெருவிரல் மூலையைத் தோண்டாதேங்கோ

கார்த்திகை மழை இறங்கிவிட்டால் உருத்திரபுரத்தில் எந்த வீட்டு வாசலிலும் சேறு காயாத செருப்புத்தான் கிடக்கும். காலபோக நெல்லுக்குப் பசளை எறிகிற காலம் அது. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் பக்கத்துச் சனம் விடியக்காலமையே வயலுக்குள் இறங்கி, முழங்கால் நனைய நடந்து, வெயில் ஏறத்தான் வீடு திரும்பும். அந்த நாட்களில் நான் வேலை செய்கிற மருந்து கட்டும் அறைக்குப் பெருவிரல் நோவோடு வருகிறவர்களும் கூடிவிடுவார்கள்.

நகத்தின் ஒரு ஓரம் சதைக்குள் புதைந்திருக்கும். சுற்றிவரச் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற நோ. என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது ஒரே கதைதான். "நகம் உள்ளுக்க வளருது மிஸ். மூலையைக் கிண்டி வெட்டி எடுத்தனான். ரெண்டு மூண்டு நாள் நல்ல சுகம். பேந்தும் வந்திட்டுது."

அந்த இரண்டு மூன்று நாள் சுகத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் மனிசரை இந்த வருத்தத்துக்குள் திரும்பத் திரும்பத் தள்ளிவிடுவது அந்தச் சுகம்தான்.

நகம் வளர்வது பின்னாலிருந்து. தோலுக்கு அடியில் இருக்கிற வேர் அதை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கால் பெருவிரல் நகம் மாதம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் மெதுவாகத்தான் நகரும். கைவிரல் நகம் அதைவிட இரண்டு மடங்கு வேகம். பெருவிரல் நகம் முழுதாகக் கழன்றால் திரும்பவும் நுனிவரை வர ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் எடுக்கும். இப்போது மூலையைச் சாய்த்து ஆழமாக வெட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நகவெட்டியின் வாய் எட்டுகிற இடம்வரைதான் வெட்டுப்படும். அதற்கு அப்பால், சதை மூடியிருக்கிற உட்புறத்தில், வெட்டுப்படாமல் ஒரு கூர் மிஞ்சிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அழுத்திக்கொண்டிருந்த பகுதி போய்விட்டதால் நோவும் உடனே அடங்கும். ஆனால் நகம் இருந்த வெற்றிடத்துக்குள் பக்கத்துச் சதை மெல்ல எழும்பி நிற்கும். பின்னாலிருந்து நகம் வளர வளர, அந்தக் கூர் நேரே சதைக்குள் ஏறும். ஏறின பிறகு உடம்பு அதைத் தன்னுடைய நகம் என்று பார்ப்பதில்லை. முள்ளுக் குத்தினால் எப்படி வீங்கிச் சிவந்து சீழ் கட்டுமோ, அப்படியே எல்லாம் நடக்கும். நோத் தாங்காமல் மறுபடி கிண்டுவோம். இந்த முறை இன்னும் ஆழமாக. மிஞ்சுகிற கூரும் இன்னும் உள்ளே.

வயல் செய்கிற ஒரு ஐயாவின் விரலிலிருந்து வைத்தியர் அந்தக் கூரை இழுத்தெடுத்தபோது அதை ஈரத்துணித் துண்டு ஒன்றில் வைத்து அவருக்குக் காட்டினேன். நாலு மில்லிமீற்றர்கூட இராது. அடிப்பக்கம் தட்டையாக, நுனி ஊசியாக, ஒளி ஊடுருவுகிற மஞ்சளில், விரால் மீனின் முள்ளு நுனி முறிந்து கிடந்த மாதிரி இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுக்கோ பிள்ளை நான் இவ்வளவு நாளும் நித்திரை கொள்ளாமல் கிடந்தனான்?" என்றார். அதற்குத்தான் ஐயா.

வெட்டுகிற முறை எளிது. நகத்தை நேராக, குறுக்காக வெட்ட வேண்டும். இரண்டு மூலையும் சதைக்கு மேலால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விரல் நுனியோடு மட்டமாக விட்டால் போதும், அதற்குக் கீழே போகக் கூடாது. மூலை கூராக இருந்து போர்வையில், காலுறையில் மாட்டினால் அரத்தால் லேசாக உரசி மழுக்கலாம். குளித்து முடிந்ததும் நகம் ஊறி மென்மையாக இருக்கும். தடித்த நகம் உள்ள வயதானவர்களுக்கு அந்த நேரம் நல்லது. சவர பிளேட்டால் செதுக்குவது, கையால் பிய்த்து இழுப்பது இரண்டும் வேண்டாம். பிய்க்கிறபோது நகம் எந்தப் பக்கம் கிழியும் என்பது நம் கையில் இல்லை. நகத்தின் நடுவில் ஆங்கில வீ எழுத்துப் போலப் பள்ளம் வெட்டிவிட்டால் ஓரங்கள் நடுவுக்கு இழுபட்டு வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நகம் வேரிலிருந்துதான் வளர்கிறது. நுனியில் வெட்டுகிற பள்ளத்தை அதற்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்று எங்கள் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாள் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒரு நாள், இனி ஒரு மாதத்துக்கு வெட்டத் தேவையில்லை என்று ஒட்ட வெட்டுகிற பழக்கம் அதோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. கெடுதல் அந்த ஒட்ட வெட்டில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெருவிரல் நோ எல்லாம் உள்வளர் நகம் இல்லை. விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து, வெடித்து, கடிக்கிறது என்றால் அது சேற்றுப்புண். ஈரத்தில் நிற்பதால் வருவது, பங்கசு சேர்ந்திருக்கும், பூசுமருந்து வேறு. நகத்தைச் சுற்றிய தோல் மட்டும் வீங்கிச் சீழ் வைத்து, நகம் சதைக்குள் இறங்காமல் இருந்தால் நகச்சுற்று. அதற்குத் தேசிக்காயில் துளை போட்டு விரலைச் செருகி வைப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். கைவிரலில் செய்து சுகம் கண்டவர்கள் காலுக்கும் அதையே செய்துகொண்டு வருகிறார்கள். சதைக்குள் ஒரு கூர் ஏறியிருக்கும்போது தேசிக்காயோ, மஞ்சளோ, வேப்பெண்ணெயோ அதை வெளியே எடுக்காது. புண் திறந்திருந்தால் தேசிப்புளி எரிச்சலையும் தோல் சிதைவையும்தான் கூட்டும். நகத்துக்கு அடியில் அடிபடாமலே கறுப்புக் கோடோ திட்டோ தெரிந்தாலும், எத்தனை நாள் மருந்து கட்டியும் ஒரு விரல் மட்டும் ஆறாமல் இருந்தாலும், அதை நகம் என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அரிதாகத் தோல் புற்றுநோய் அந்த வேடத்தில் வரும்.

ஆரம்பத்திலேயே, சிவப்பும் லேசான நோவும் மட்டும் இருக்கிறபோது பிடித்தால் வீட்டிலேயே சரிக்கட்டலாம். இளஞ்சூட்டு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊற வையுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம். உப்புப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. வேலை செய்வது நகத்தையும் சதையையும் இளக்குகிற தண்ணீர்தான். ஊறியதும் நன்றாக ஒற்றித் துடைத்து, கைவிரலால் நகத்தின் ஓரத்துச் சதையை நகத்தை விட்டு வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளிவிடுங்கள். பிறகு சுத்தமான பஞ்சில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டி மெல்லிய திரியாக்கி, நகத்தின் மூலைக்கு அடியில் செருக வேண்டும். முதல் நாள் நுனி மட்டும்தான் நுழையும். அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு நாளும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும், நகமும் சதைக்கு மேலால் வளர வழி கிடைக்கும். பஞ்சு வைக்கப் பயமாக இருந்தால் பிளாஸ்டர் போதும். ஒரு முனையை நோகிற ஓரத்துச் சதையில் ஒட்டி, நகத்தை விட்டு விலகுகிற பக்கமாக இழுத்துப் பிடித்து, விரலின் அடியால் சாய்வாகக் கொண்டுபோய் மற்றப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். விரலை முழுதாக இறுக்கிச் சுற்றினால் இரத்தம் ஓடாது, அதைச் செய்யாதீர்கள். நோவுக்குப் பனடோல். காலுக்குப் பாட்டாச் செருப்பு. ஒன்றிரண்டு வாரம் இப்படிப் பொறுமையாகச் செய்தால் பலருக்குக் கத்தி தேவைப்படுவதில்லை.

சீழ் வந்துவிட்டால் கதை வேறு. நகத்தின் ஓரத்தில் சிவந்த சதை ஒன்று முளைத்து, தொட்டதும் இரத்தம் வடிகிறதென்றால் இன்னும் முற்றிவிட்டது. அந்த நிலையில் சனம் பாமசிக்குப் போய் அமொக்சிசிலினோ குளொக்சசிலினோ வாங்கி விழுங்குகிறது. நாலு நாளில் வீக்கம் வற்றும், சுகம் என்று நினைத்துக் குளிசையை நிறுத்துவார்கள். கூர் உள்ளேயே இருக்கும். அடுத்த மாதம் அதே விரல், அதே குளிசை. கிருமி காலைச் சுற்றிப் பரவியிருந்தால், காய்ச்சல் இருந்தால், சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி கட்டாயம் வேண்டும். அதை வைத்தியர் பார்த்துத் தருவார். ஆனால் குத்திக்கொண்டிருக்கிறதை எடுக்காமல் மருந்து மட்டும் விழுங்குவதால் இந்தப் புண் ஆறாது. கையில் இருந்த காசும் போய், அந்த மருந்துக்கு அடங்காத கிருமியையும் வளர்த்ததாக முடியும்.

நகத்தைவிடவும் எனக்குப் பயமாக இருப்பது அந்தப் புண்ணோடு சேற்றுக்குள் இறங்குவது.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஆட்கள் அடுத்தடுத்துச் செத்தபோது வடக்கு முழுக்கப் பதறியது நினைவிருக்கும். பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, மாடு, எருமையின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வெளியேறும். வெள்ளத்திலும் வயல் தண்ணீரிலும் கலந்து கிடக்கும். அது உடம்புக்குள் நுழையத் தேவை ஒரு சின்ன வெடிப்பு, ஒரு கீறல், நெடுநேரம் ஊறிய தோல். சீழ் வடிகிற பெருவிரலைவிட வசதியான வாசல் அதற்கு வேறென்ன? வயல் வேலை செய்கிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. வேலை நடக்கிற காலத்தில் கிழமைக்கு ஒருதரம், 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் தாங்களாக எடுக்கக் கூடாது. குளிசை எடுத்தாலும் காய்ச்சல், தசை நோ, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் என்று ஏதும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வாக்கியமாக "நான் வயலுக்குப் போறனான்" என்று சொல்லுங்கள். வைத்தியருக்கு அந்த ஒரு தகவல் பெரிய உதவி. சேறு பட்ட காயம் என்றால் ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

"அப்ப வயலை விட்டிட்டு இருக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்பீர்கள். பசளை எறிகிற நாளைத் தள்ளிப்போட முடியாது என்று எனக்கும் தெரியும். நானும் இதே மண்ணில் வளர்ந்தவள். முடிந்தால் புண் உள்ள ஆள் வரம்பில் நின்று செய்கிற வேலையை எடுத்துக்கொண்டு, இறங்குகிற வேலையை வீட்டில் இன்னொருவரிடம் விடுங்கள். றப்பர் பூட்ஸ் போடலாம், ஆனால் ஆழச் சேற்றில் அது புதைந்து கால் வெளியே வந்துவிடும் என்பது உண்மை. தண்ணீர் குறைவான இடங்களுக்கு நல்லது. வாங்குகிறபோது ஒரு அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையோடு போடுங்கள். நெருக்குகிற பூட்ஸ் இந்த நகப் பிரச்சினையையே புதிதாக உண்டாக்கிவிடும். வெளியே வந்ததும் கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, காயத்துக்குக் காய்ந்த கட்டுப் போடுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் மேலே சொன்ன வீட்டு வைத்தியத்தைச் செய்யவே வேண்டாம். பஞ்சும் வேண்டாம், சுடுநீரும் வேண்டாம். வருடக்கணக்காகச் சீனி கூடியிருந்தால் கால் நரம்பு விறைத்துவிடும். தண்ணீர் கொதிக்கிறதா இளஞ்சூடா என்பது காலுக்குத் தெரியாது. ஊற வைத்துத் தோல் கழன்று வந்த கால்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். கோயில் வீதியில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றி, பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கும் கட்டியிருக்கிறேன். உருத்திரபுரீஸ்வரர் அந்தக் கொப்புளத்தை உங்களிடம் கேட்கவில்லை; காலையிலோ பின்னேரமோ மண் சுடாத நேரத்தில் சுற்றுங்கள். உங்களுக்கு நோ இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. நகம் குத்துவது தெரியாமலே புண் எலும்புவரை போய்விடும், இரத்த ஓட்டமும் குறைவென்றால் விரலை எடுக்க வேண்டி வரும். மண்ணில் இருக்கிற மெலியோய்டோசிஸ் கிருமியும் சீனி வருத்தக்காரரைத்தான் அதிகம் பிடிக்கும். ஒவ்வொரு இரவும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போகிற நாளில் சீனிப் புத்தகத்தை நீட்டுவதோடு நிற்காமல் செருப்பையும் கழற்றிக் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை நான் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். யுத்தத்தில் ஒரு காலை இழந்து பொய்க்காலோடு நடக்கிறவர்கள். உடம்பின் பாரம் எல்லாம் மிஞ்சின அந்த ஒரு பாதத்தில்தான் இறங்குகிறது. அந்தப் பாதத்துப் பெருவிரல் நொந்தால் அவர்களால் நொண்டவும் முடியாது, நோவை மாற்றிக் கொடுக்க மற்றக் கால் இல்லை. இவர்கள் காத்திருக்க வேண்டியதே இல்லை. சின்னச் சிவப்புத் தெரிந்த அன்றே வாருங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, அதுவும் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து உயர்தரம் படிக்கிற வயதுவரை, இது அதிகம். கால் வளர்கிற வேகத்துக்குச் சப்பாத்து வளராது. போன வருடம் வவுச்சருக்கு எடுத்த வெள்ளைச் சப்பாத்தை இந்த வருடமும் இழுத்துப் போட்டு, விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கும் அதையே கட்டிக்கொண்டு ஓடுவார்கள். வியர்வையில் தோல் ஊறும், முன்பக்கம் விரலை அமத்தும், நகம் சதைக்குள் இறங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும், நின்றுகொண்டு அமத்திப் பார்க்க வேண்டும். பின்னேரம் கால் கொஞ்சம் பருத்திருக்கும், கடைக்கு அந்த நேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நகம் பழுத்திருக்கிற நாட்களில் செருப்போடு வர விடும்படி ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் சப்பாத்துப் போட்டே ஆக வேண்டும் என்று வாசலில் மறித்து, கட்டுப் போட்ட விரலைச் சப்பாத்துக்குள் அமத்த வைத்த பள்ளிக்கூடம் ஒன்றும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் கட்டை நான்தான் அவிழ்த்தேன். சீழும் துணியும் ஒட்டிப்போய் இருந்தது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கடைசியாக, எல்லோரும் பயப்படுகிற சத்திரசிகிச்சை. "நகத்தைப் பிடுங்குவினமாம்" என்ற கதையைக் கேட்டே பலர் மாதக்கணக்கில் வராமல் இருக்கிறார்கள். முழு நகத்தையும் கழற்றுவது இன்றைக்கு முதல் வழி இல்லை. வேர் அப்படியே இருப்பதால் நகம் திரும்ப வரும், நகம் இல்லாத மாதங்களில் விரல் நுனிச் சதை மேலெழும்பி நிற்பதால் வருகிற நகம் அதிலேயே மோதி மறுபடி புதையும். இப்போது செய்வது ஓரத்தை மட்டும் எடுப்பது. விரலின் அடியில் இரண்டு பக்கமும் விறைப்பு ஊசி போடுவார்கள். மெய்யாக நோகிறது அந்த ஊசிதான், அதை மறைக்க விரும்பவில்லை. அரை நிமிட எரிவு. பத்து நிமிடத்தில் விரல் விறைத்துவிடும். பிறகு குத்துகிற பக்கத்தில் மூன்று நாலு மில்லிமீற்றர் அகலத்துக்கு நகத்தை நீளவாக்கில் வேர்வரை வெட்டி உருவி எடுப்பார்கள். அந்த ஓரத்து வேர் திரும்ப வளராமல் இருக்கப் பீனோல் தொட்டு வைப்பதும் உண்டு. 1860களில் ஜோசப் லிஸ்ரர் காயங்களில் கிருமியைக் கொல்ல எடுத்த அதே காபோலிக் அமிலம்தான் அது. நக வேருக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 1945இல் ஒட்டோ போல் என்பவர் எழுதினார். இன்றுவரை அந்த ஓரத்து நகம் திரும்பாமல் இருக்க மிக நம்பிக்கையான வழிகளில் ஒன்று அது. நகத்தில் பிழை இல்லை, பக்கத்துச் சதைதான் கூடிப்போனது என்று சொல்லி, நகத்தைத் தொடாமல் சதையை மட்டும் வெட்டி எடுக்கிற முறையை 1959இல் வாண்டன்போசும் பவர்சும் வெளியிட்டார்கள். யாருக்கு எது என்பதை விரலைப் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். ஏறக்குறைய அரை மணித்தியால வேலை, அன்றைக்கே வீடு, அரச வைத்தியசாலையில் காசு இல்லை. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைவரை போக வேண்டியிருந்தால் மோட்டார் சைக்கிளை ஓட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், விறைத்த காலால் பிரேக் மிதிக்க வேண்டாம். அன்றைக்கு முழுக்கக் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்தால் இரத்தம் கசிவதும் குத்துவதும் குறையும்.

பீனோல் வைத்த இடம் காய நாள் எடுக்கும். இரண்டு கிழமையில் காய்ந்தவர்களும் உண்டு, ஆறு கிழமைவரை நீர் கசிந்தவர்களும் உண்டு. அது சீழ் இல்லை. நோவும் சிவப்பும் கூடாதவரை பயப்படத் தேவையில்லை. ஆனால் அத்தனை நாளும் அந்த விரல் சேற்றுக்குள் இறங்கக் கூடாது. அதனால் சீழும் காய்ச்சலும் இல்லாமல், வந்து வந்து போகிற நகமாக இருந்தால் நான் எங்கள் சனத்துக்குச் சொல்வது மாசி, பங்குனி அறுவடை முடிந்த கையோடு நாள் எடுங்கள் என்று. நெல் ஏற்றி முடிந்து, சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் வர முன்னம் உள்ள அந்த இடைவெளியில் நிலம் காய்ந்திருக்கும், வீட்டில் ஆளுக்கும் ஓய்விருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்குச் சித்திரை விடுமுறையும் அதற்குள்தான் வரும். சீழ் வைத்த விரலும், சீனி வருத்தக்காரரின் விரலும் அறுவடைக்குக் காத்திருக்கக் கூடாது. அவர்கள் நாளைக்கே வரட்டும்.